புதுப்பிப்பு: மண்ணுக்குள் போன நண்டு வெளியே வந்துவிட்டது

எங்கள் தொட்டியிலுள்ள நில நண்டு மண்ணுக்குள் புதைந்து மூன்று வாரமாக இரையைத் தொடவில்லை, தோண்டிப் பார்க்கட்டுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஓடு கழற்றுகிறது, தொடாதீர்கள் என்று தடுத்த அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு வெளியே வந்துவிட்டது!

ஒடிந்திருந்த இடது கால் மீண்டும் முளைத்திருக்கிறது. மற்றவற்றைவிடச் சிறியது, வெளிறியது. கழற்றிய ஓட்டில் பாதியைத் தின்றிருக்கிறது. புது ஓடு இறுக அந்தச் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்பதால் மீதியை எடுக்கவில்லை. கணவாய் ஓடும் வைத்திருக்கிறேன்.

இங்கே மொரீசியஸின் மாஎபூரில் இப்போது குளிர்காலம், காற்று ஓயவில்லை. செவுள் காய்ந்தால் நண்டு மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஆகவே மூடியை இறுக்கி, தென்னை நார்த்தூளை ஈரமாகவே வைத்திருக்கிறேன். குளோரின் நீக்கிய நீர் ஒரு கிண்ணத்தில், உப்புநீர் இன்னொன்றில். இன்று காலை ஒரு துண்டு பப்பாளியை எடுத்துக்கொண்டது.