பரங்கிப் பிஞ்செல்லாம் உதிர்கிறது, ஒரு தேனீகூட வரவில்லை, என்ன செய்யலாம்?

கோட்டையூர்ப் பெண்:
வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். பழைய வீடு. பின்கட்டைத் தாண்டி கிணற்றடியை ஒட்டிக் கிடந்த காலி இடத்தில் ஆடியில் பரங்கி, சுரை, பீர்க்கு, பாகல் எல்லாம் போட்டேன். கொடி பிரமாதமாக ஓடியிருக்கிறது, இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். பூவும் பூக்கிறது, ஆனால் பிஞ்சு நெல்லிக்காய் அளவுக்கு வந்ததும் மஞ்சளாகி நுனி அழுகி, கையை வைத்தாலே விழுந்துவிடுகிறது. இதுவரை 17 பிஞ்சு, எண்ணி வைத்திருக்கிறேன். உரக்கடையில் போரான் சத்து குறைவு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள், போட்டும் பலனில்லை. இரண்டு வாரமாகத் தேனீ, பட்டாம்பூச்சி எதையுமே கண்ணில் பார்க்கவில்லை, அதுதான் காரணமோ? என்ன பூச்செடி வைத்தால் வரும்? செண்டுமல்லி வைத்தாயிற்று, அதுவும் வீண்.

மொட்டைமாடி மதுரை:
முதலில் காயைக் காப்பாற்றுங்கள் அக்கா, தேனீயை அப்புறம் பார்க்கலாம். பூவுக்கு அடியில் குட்டிப் பரங்கி மாதிரி உருண்டை இருந்தால் பெண் பூ. நீளக் காம்போடு வெறுமனே நின்றால் ஆண் பூ. காலை எட்டு மணிக்குள் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தண்டைப் பெண் பூவுக்குள் நன்றாகத் தடவிவிடுங்கள். மகரந்தம் ஒட்டிப் பிசுபிசுவென்று இருக்கும், காற்றெல்லாம் அதைத் தூக்கிப் போகாது.

பூச்சி வாத்தியார்:
மதுரைக்காரர் சொன்னது சரி. எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த நேரத்தில் போய்ப் பார்க்கிறீர்கள்? ஏதாவது மருந்து அடித்தீர்களா? தரை மண்ணா, சிமெண்டா?

கோட்டையூர்ப் பெண்:
அடுப்படி வேலை முடிந்து பத்து பத்தரைக்குப் போவேன் ஐயா. தென்னையில் வெள்ளை ஈ, இலையெல்லாம் கருப்பாகப் படிந்துவிட்டது என்று ஆவணியில் ஒருவரைக் கூப்பிட்டு மருந்து அடித்தோம். டப்பாவில் இமிடாகுளோபிரிட் என்று போட்டிருக்கிறது. கொடி மேலும் கொஞ்சம் சிதறியிருக்கும். தரை விஷயம், வைகாசியில் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது நிறைவுச் சாந்தி விழா நடந்தது, ஊரெல்லாம் வருகிறார்கள் என்று கிணற்றடி முழுக்கச் சிமெண்ட் போட்டு, எருக்கு, ஆவாரை, தும்பை எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்தோம். பின்கட்டுச் சுவரில் ஒரு வெடிப்பிலிருந்து மெழுகுக் குழாய் மாதிரி ஒன்று விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது, அதில் கொசு மாதிரி கருப்புப் பூச்சிகள் போய் வந்துகொண்டிருக்கும். கொத்தனார் அதையும் சேர்த்துப் பூசிவிட்டார்.

புதுவயல் விவசாயி:
அடக் கடவுளே.

பூச்சி வாத்தியார்:
அது கொசுத்தேனீ அம்மா. கொட்டாது. பழைய சுவர்ப் பொந்து, மரப் பொந்து எல்லாம் அதற்கு வீடு. அந்தக் குழாய்தான் வாசல், பிசினும் மெழுகும் கலந்து அதுவே கட்டும். வாசலை அடைத்தால் உள்ளே இருப்பது அவ்வளவுதான். உங்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் நானே ஒன்றை அடைத்திருக்கிறேன், என்னவென்று தெரியாத காலத்தில்.

பரங்கிப் பூ விடியும்போது விரிந்து பத்து மணிக்குள் வாடிவிடும், நீங்கள் போவது சந்தை கலைந்த பிறகு. ஆறரைக்கு ஒரு நாள் போய் நின்று பாருங்கள். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் பூக்கும், சுரைக்கு இரவில் வரும் அந்துப்பூச்சிதான் வேலைக்காரன், அதனால் கொல்லையில் ராத்திரி முழுக்க லைட் எரிய விடாதீர்கள்.

அடுத்தது மருந்து. இமிடாகுளோபிரிட் செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் போய் நிற்கும், தேனீக்கு விஷம். இனி வேண்டாம். தென்னை வெள்ளை ஈக்கு ரசாயன மருந்தே தேவையில்லை. என்கார்சியா என்ற குட்டிக் குளவி அதற்குள் முட்டை வைத்து அழிக்கும், மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள்.

செடி என்று கேட்டால், வெட்டியதையே திரும்ப வரவிடுங்கள். நம் செம்மண்ணுக்கும் சரளைக்கும் ஆவாரையை விடப் பொருத்தமானது எது? மஞ்சள் பட்டாம்பூச்சிகள் அதில்தான் முட்டை வைக்கும். எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வரும். துளசி, திருநீற்றுப்பச்சிலை, தும்பை மூன்றும் தேனீக்கு. கொத்தமல்லியில் நாலு செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள், எள் ஒரு பிடி தூவுங்கள், முருங்கை எப்படியும் இருக்கும். கடையில் விற்கும் அடுக்குச் செண்டுமல்லியில் இதழ்தான் அதிகம், தேனுக்கு வழி குறைவு. ஒற்றை இதழ் வகைதான் பூச்சிக்கு. வாய் அகன்ற மண் சட்டியில் உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் போட்டுத் தண்ணீர் வையுங்கள், சில்லில் உட்கார்ந்து குடிக்கும், இல்லாவிட்டால் விழுந்து செத்துப்போகும். சிமெண்ட் போடாத மண் ஒரு மூலையில் வெறுமனே கிடக்கட்டும், மண்ணில் வளை தோண்டும் தேனீக்கள் நிறைய உண்டு.

மொட்டைமாடி மதுரை:
உன்னிச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி மொய்க்குமே ஐயா?

பூச்சி வாத்தியார்:
மொய்க்கும். அது வெளிநாட்டுச் செடி, காட்டையே பிடித்துக்கொண்டது, நாமும் ஏன் நட வேண்டும்? இட்லிப்பூ வையுங்கள்.

புதுவயல் விவசாயி:
நம் மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன் வருமா?

பூச்சி வாத்தியார்:
2019-இல் அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன் தம்பி, செட்டிநாட்டு வெயிலுக்கு வராது.

கோட்டையூர்ப் பெண்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கையால் தடவியதில் நான்கு பரங்கி நின்றிருக்கிறது, ஒன்று தேங்காய் அளவு. இன்று ஆறரைக்குப் போனேன், ஒரு ஆண் பூவுக்குள் கருப்பாக ஐந்தாறு குட்டிப் பூச்சி, பின்னங்காலில் மஞ்சளாக மூட்டை கட்டிக்கொண்டு! எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போனேன். பக்கத்து வீடு வருஷம் பூராவும் பூட்டித்தான் கிடக்கிறது, அதன் திண்ணைச் சுவர் வெடிப்பில் அதே மெழுகுக் குழாய். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பூச்சு வேலை பார்த்தால் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டேன், அவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் நினைத்திருப்பார்.

இன்னொரு சந்தேகம். கறிவேப்பிலைக் கன்றில் காக்கை எச்சம் மாதிரி புழு, பெரிதானதும் பச்சையாகி இலையை மொட்டையடிக்கிறது. ஆத்தா வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்கிறார். அடிக்கட்டுமா?

பூச்சி வாத்தியார்:
வேண்டாம் அம்மா, அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. இலை மறுபடி துளிர்க்கும். இரண்டு வாரத்துக்கு ஆத்தாவுக்குக் கறிவேப்பிலை கடையில் வாங்கிக் கொடுங்கள்.

கோட்டையூர்ப் பெண்:
வாங்கி வைத்தாயிற்று. நான் புழுவுக்குச் சோறு போடுகிறேன் என்று வளவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.