‘இம்மார்ட்டலைஸ்’: ஒரு வினை, இரண்டு தமிழ்ச் சொற்கள்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

சாகாமல் நிலைக்கச் செய்வதைக் குறிக்கும் ‘இம்மார்ட்டலைஸ்’ (immortalize) என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு ‘அமரராக்கு’, ‘அமரத்துவம் அளி’ என்ற இரண்டும் இங்கே முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுமே வேண்டாம் என்பேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘அமரர்’ என்று பார்த்தால் காலமானவர் என்றுதானே புரிந்துகொள்கிறோம்? சிற்பி ஓர் அரசனை அமரராக்கினார் என்று எழுதினால், கொன்றுவிட்டார் என்றே பொருள்படும். வடமொழியில் இறவாதவரைக் குறித்த சொல், தமிழ் வழக்கில் இறந்தவரைக் குறிக்கிறது. இனி அதைத் திருப்ப முடியாது.

பத்திரிகைகளில் புழங்கும் ‘சாகாவரம்’ அழகான சொல். பாட்டுக்கும் கதைப் பாத்திரத்துக்கும் நன்றாகவே பொருந்தும். ஆனால் வரம் என்றால் நன்மை. ஆங்கில வினைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிகா நகரம் குண்டுவீச்சில் அழிந்தது. அதே ஆண்டில் பிக்காசோ அதை ஓவியமாக்கினார். அந்தப் படுகொலைக்கு அவர் சாகாவரம் தந்தார் என்று எழுத எனக்குக் கை வராது. உலகின் நினைவில் அதை நிலைநிறுத்தினார் என்று எழுதலாம்.

இந்த ‘நிறுத்து’ நம்மிடம் ஏற்கெனவே இருப்பதுதான். குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், “மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர் தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந் தனரே” என்கிறார் (புறநானூறு 165). நிலையாத உலகில் நிலைக்க நினைத்தவர்கள் புகழை நிறுவிவிட்டு மாய்ந்தார்கள். ஆள் போய்விடுகிறார், புகழ் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஆளையே செயப்படுபொருளாக வைப்பார்கள். தமிழில் பெயர், புகழ், நினைவு என ஏதாவது ஒன்று வேண்டும். “டா வின்சியின் மோனாலிசா ஓவியம் லிசா கெரார்தினியின் பெயரை நிலைநிறுத்தியது” என்பதில் என்ன குறை? இதற்குப் புதுச்சொல் ஆக்கவே தேவையில்லை.

புதுச்சொல் தேவைப்படுவது உயிரியலில். இயல்பான மனிதச் செல்லை ஆய்வகத்தில் வளர்த்தால் ஏறக்குறைய 40 முதல் 60 முறை வரை பிரியும், பிறகு நின்றுவிடும். 1961-இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டிய வரம்பு இது. ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம் நுனியிலுள்ள டெலோமியர் தேய்ந்துகொண்டே வருவது இதற்கு முக்கியக் காரணம். டெலோமியரை மீண்டும் நீட்டும் டெலோமரேஸ் நொதிக்கான மரபணுவைச் செலுத்தியோ, எஸ்வி40 என்ற வைரஸின் மரபணுவைப் புகுத்தியோ இந்த வரம்பைத் தாண்ட வைப்பதைத்தான் ஆய்வாளர்கள் ‘இம்மார்ட்டலைஸ்’ பண்ணுவது என்கிறார்கள். அப்படிப்பட்ட செல்லும் சாகும்: ஊட்டம் இல்லாவிட்டால் சாகும், சூடு கூடினால் சாகும். ஓயாமல் இருப்பது அதன் பிரிவு மட்டுமே. ஆகவே ‘சாவாச் செல்’ தவறான படத்தைத் தருகிறது. ஒரே மூலத்திலிருந்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகிவரும் இத்தகைய செல்களின் தொடருக்கு என் பரிந்துரை ‘ஓயாச் செல் வரிசை’. வினையாக, ‘ஓயாச் செல்லாக்கு’.

இரண்டு பொருளுக்கும் ஒரே சொல் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஹென்றியெட்டா லாக்ஸின் கதையைச் சொல்வேன். 1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற வந்த கறுப்பினப் பெண் அவர். அவரைக் கேட்காமலே கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு ஜார்ஜ் கை (George Gey) என்ற ஆய்வாளரின் ஆய்வகத்துக்குப் போனது. அதுவரை அங்கே வந்த மனிதச் செல்கள் விரைவிலேயே மடிந்தன. இவை ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தன. ஹெலா என்று பெயரிட்டு உலகெங்கும் அனுப்பினார்கள். போலியோ தடுப்பூசிச் சோதனைக்கு அவை உதவின. அவரோ அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில் இறந்தார். ‘ஹெலன் லேன்’ என்ற தவறான பெயர் வெகுகாலம் புழங்கியது. குடும்பத்துக்கு விஷயம் தெரிய 1970-கள் ஆயின. கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் 2010-இல்தான் வந்தது.

அவருடைய செல்கள் 1951 முதல் ஓயவில்லை. அவர் பெயர் நிலைநிறுத்தப்பட்டதோ பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. இந்த இடைவெளியைச் சொல்ல நமக்கு இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் அந்த அநீதியை மூடிவிடுகிறது.

இன்னொன்று. இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்குக் ‘கலம்’ என்பதே வழக்கு. அங்கே ‘ஓயாக் கல வரிசை’ என்றால் மாணவர்களுக்கு உடனே விளங்குமா, இல்லை ‘வரிசை’யை ‘வழி’ என்று மாற்ற வேண்டுமா? அங்கே கற்பிக்கும் ஆசிரியர்கள் சொன்னால் கலைச்சொல் பட்டியலில் இரண்டு வடிவங்களையும் சேர்த்தே பதியலாம்.

அன்புடன்.