சோலாரா, மிரர்லெஸ்ஸா, புது கம்ப்யூட்டரா? கையில் இருப்பது 2 லட்சம்

மலையடிவாரம் (கேள்வி, அக்டோபர் 2025)

ராஜபாளையத்தில் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன். புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது. அதனால் நான் வீட்டில் இருக்கிறேன், வீட்டில் எல்லோரும் என் சேமிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். 2 லட்சம் இருக்கிறது. அதற்கு மூன்று செலவு வரிசையில் நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு வக்கீல்.

அப்பாவுக்கு மாடியில் சோலார் போட வேண்டும். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மீட்டர் ரீடிங்கை தினசரி காலண்டர் தாளில் குறித்து, அந்தத் தாளைக் கிழிக்காமல் மடித்து வைக்கிற ஆள். கோடையில் இரண்டு மாத பில் 780 யூனிட், 4,677 ரூபாய். அதற்கு முந்தைய மழைக்கால பில் 460 யூனிட், 1,553 ரூபாய். "யூனிட் இரண்டு மடங்குகூட ஆகலை, காசு மட்டும் எப்படிடா மூணு மடங்கு?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். எடிட் ரூமில் ஏசியும் ஓடுகிறது, ஆனால் குற்றவாளி என் கம்ப்யூட்டர் என்பது அவர் தீர்ப்பு. கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் 650 வாட் என்று ஒட்டியிருப்பதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டார்.

மனைவிக்கு அந்தக் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும். ஆல்பம் டிசைன் முழுக்க அவள்தான். ரைசன் 5 3600, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வந்ததிலிருந்து பேச்சு அதுதான்.

எனக்கு மிரர்லெஸ் கேமரா, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை. நிக்கான் டி750 வைத்திருக்கிறேன், ஷட்டர் எண்ணிக்கை 2 லட்சம் படத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் ஓடுகிறது. ஆனால் பொண்ணு வீட்டில் முதல் கேள்வியே "4கே எடுப்பீங்களா?" என்பதுதான். இதில் 1080தான். ஐப்பசியில் வேலை ஆரம்பிப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். எதை முதலில் வாங்கலாம்? இன்னொன்று: வீடியோ எக்ஸ்போர்ட் ஓடும்போது கரன்ட் போனால் சோலார் காப்பாற்றுமா?

பழைய லைன்மேன்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். காப்பாற்றாது. மத்திய அரசு மானியத்தில் எல்லோரும் போடுவது ஆன்கிரிட், அதாவது தெரு லைனோடு இணைத்து, லைனுக்குக் கொடுத்த யூனிட்டைப் பில்லில் கழிப்பது. தெருவில் கரன்ட் போனால் உங்கள் சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். லைனை ஆஃப் செய்துவிட்டு ஒருத்தன் கம்பத்தில் நிற்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரன்ட் கம்பிக்கு வந்தால் அவன் கதி என்ன? எக்ஸ்போர்ட் நிற்காமல் இருக்க நல்ல யுபிஎஸ் வாங்குங்கள், அது வேறு செலவு.

இப்போது அப்பாவின் கேள்வி. பில் எகிறியதற்குக் காரணம் 500ஐத் தாண்டியது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35, அதற்கடுத்த 200க்கு 4.70, கடைசி 100க்கு 6.30. கூட்டினால் 1,805 ரூபாய். 501 ஆனால் அட்டவணையே வேறு. 2.35 என்ற படி காணாமல் போய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.80. அடுத்த 100 யூனிட் 6.45. 501வது யூனிட் 8.55. கூட்டிப் பாருங்கள், 2,094 வரும். அந்த ஒரு யூனிட்டுக்கு 289 ரூபாய். 600க்கு மேல் 9.65. நீங்கள் 780 ஓட்டியிருக்கிறீர்கள்.

கடைக்காரர் உங்களுக்கு 3 கிலோவாட் சொல்வார், 78,000 மானியம் என்று. கேட்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 720. உங்கள் கோடை 780இல் கழித்தால் மிச்சம் 60. ஆனால் முதல் 100 ஏற்கெனவே இலவசம்! சும்மா கிடைப்பதைக் காசு போட்டு உற்பத்தி செய்வது போல் ஆகிவிடும். 2 கிலோவாட் போட்டால் 480 கழியும், மிச்சம் 300, பில் 705 ரூபாய். மழைக்காலத்தில் மேகம் மூடி உற்பத்தி குறைந்தாலும் நூறை ஒட்டி வந்து நிற்பீர்கள். மானியமும் அப்படித்தான்: முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 30,000 வீதம் 60,000, மூன்றாவதற்கு 18,000 மட்டும். கீழே அம்மா அறைக்கும் ஏசி வரப்போகிறது என்றால் மட்டும் 3 பற்றி யோசியுங்கள்.

முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கொடுக்க வேண்டும், மானியம் பிறகு வங்கிக் கணக்குக்கு வரும். செல் உட்பட உள்நாட்டில் தயாரித்த பேனலுக்குத்தான் மானியம், கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள். பேனல் மீதான ஜிஎஸ்டி செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதம் ஆகியிருக்கிறது, பழைய விலையையே நீட்டினால் கேளுங்கள்.

ஆஃப்செட்காரன்

சிவகாசியில் இருந்து. அப்பாவிடம் சொல்லுங்கள், 650 என்பது அந்தப் பெட்டி அதிகபட்சம் கொடுக்கக்கூடியது. எப்போதும் குடிப்பது இல்லை. உங்கள் செட்டப் ஆல்பம் வேலையில் 100 வாட் பக்கம் இருக்கும், எக்ஸ்போர்ட்டில் 200, 250க்குப் போகும். தினம் 8 மணி நேரம் சராசரி 200 வாட் என்றே வைத்தாலும் 60 நாளுக்கு 96 யூனிட். மீதி எங்கே போனது என்று எடிட் ரூம் ஏசியைக் கேட்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம். ரைசன் 3600 விண்டோஸ் 11க்குத் தகுதியானதுதான். "இந்தக் கணினி தகுதி இல்லை" என்று காட்டினால் பெரும்பாலும் பயாஸ் செட்டிங்கில் எஃப்டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) ஆஃபில் இருக்கும். ஆன் செய்துவிட்டு மறுபடி சோதியுங்கள். முதலில் பேக்கப். ரேமை 32 ஆக்குங்கள், ஆல்பம் ஷீட் திறக்கும்போது உங்கள் வீட்டம்மாவுக்கே தெரியும்.

தென்காசி க்ளிக்

கேமராவைப் பற்றி யாரும் பேசாததால் நான்.

எல்லோரும் சோனி ஏ7 IV வாங்கு என்பார்கள். நல்ல கேமரா. ஆனால் அதில் 10 பிட் 4:2:2 (நிறத் தகவல் அதிகமுள்ள வீடியோ) எடுத்து வந்து உங்கள் 3060இல் போட்டால் டைம்லைன் திக்கும். அந்த வகை ஃபைலை ஹார்ட்வேரில் பிரிக்கும் வசதி அந்தக் கார்டில் இல்லை, என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது. உங்கள் ரைசனில் உள்ளே கிராஃபிக்ஸும் கிடையாது. பிராக்ஸி, அதாவது சின்ன நகல் ஃபைல் போட்டு எடிட் செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவசரத்தில் ரிசப்ஷன் ரீலை அன்று ராத்திரியே கொடுக்க வேண்டிய நேரத்தில் பிராக்ஸி ஓடி முடியும்வரை உட்கார்ந்திருப்பது எரிச்சல். கேமராவை மாற்றினால் கம்ப்யூட்டரும் கூடவே மாறும், அதுதான் சொல்ல வருகிறேன்.

செகண்ட் ஹேண்ட் நிக்கான் இசட்6 II மிரர்லெஸ் பாருங்கள். நல்ல நிலையில் லட்சத்துக்குள் கிடைக்கிறது. 4கே 30 முழு ஃப்ரேமில், 60 வேண்டுமென்றால் க்ராப். உள்ளே பதிவாவது 8 பிட், உங்கள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்காது. பழைய லென்ஸை மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால், 24-70 ஜி லென்ஸ் இருந்தால் அப்படியே ஓடும். 85 எஃப்1.8 வைத்திருக்கிறீர்களா? அது ஜி என்றால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும், பிரச்சினை இல்லை. பழைய டி என்றால் ஃபோகஸ் கையால்தான். அந்த லென்ஸைத் திருப்பும் மோட்டார் டி750 பாடிக்குள் இருக்கிறது, அடாப்டரில் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் கையால் ஃபோகஸ் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அப்புறம் கார்டு. ஒரு ஸ்லாட் எஸ்டி, இன்னொன்று சிஎஃப் எக்ஸ்பிரஸ். கார்டு, ரீடர் இரண்டுக்கும் பணம் தனியாக எடுத்து வைக்காவிட்டால் பாடி வாங்கிய சந்தோஷம் பாதி போய்விடும். மண்டபத்தில் சைலன்ட் மோடைத் தொடாதீர்கள். மேடைக்குப் பின்னால் எல்ஈடி சுவர் வைக்கிறார்கள் பாருங்கள், அந்த வெளிச்சத்தில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் பொண்ணு நெற்றியிலிருந்து கழுத்து வரை கோடு கோடாக வரும். எல்சிடியில் சின்னதாகப் பார்க்கும்போது தெரியாது, வீட்டில் பெரிதாக்கும்போதுதான் தெரியும்.

வரிகட்டுபவன்

2 லட்சம் வைத்திருக்கிறவருக்கு மானியம், ஏசி ஓட்டுகிறவருக்கும் 100 யூனிட் இலவசம். ஓட்டு வீட்டில் இருக்கிறவனுக்குப் பேனல் வைக்க மாடியே கிடையாது. இதைப் பற்றியும் யாராவது பேசலாம்.

பழைய லைன்மேன்

நியாயமான கேள்விதான், வரிகட்டுபவன். எனக்கு அதில் இன்னொரு வருத்தமும் உண்டு. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் தொட்டது. வெயில் அடிக்கும் நேரத்தில் பேனலும் கைகொடுத்துவிடும். பொழுது சாய்ந்து எல்லோரும் வீட்டுக்கு வந்து ஏசியைப் போடும்போதுதான் சப் ஸ்டேஷனில் இருப்பவனுக்கு வேர்க்கும். தம்பி மாதிரி ஆட்கள் பகலில் லைனுக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரி எடிட்டிங்குக்கு அதையே திருப்பி எடுக்கிறார்கள். கணக்கில் சரியாகிவிடும், கம்பியில் சரியாகாது. என்னைக் கேட்டால் இனி வரும் மானியம் பேட்டரிக்குப் போக வேண்டும். மாடி இல்லாதவர்களுக்கு ஊர்ப் பொது இடத்தில் பேனல் வைத்துப் பங்கு கொடுக்கலாம். 2012இல் நாளில் பாதி நேரம் கரன்ட் இல்லாமல் இருந்ததை மறந்துவிட்டோம். அன்று ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவர்கள் இந்த மானியத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

மலையடிவாரம்

எல்லோருக்கும் நன்றி. 501வது யூனிட் கணக்கை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பேனாவை எடுத்து அவரும் போட்டுப் பார்த்தார், 289தான் வருகிறது. "அப்போ ஏசியை மாசம் முழுக்கப் போட்டுட்டு, கம்ப்யூட்டர்னு சொல்லிட்டு இருந்தியா?" என்று என்னைக் கேட்கிறார். சொன்னது அவர்தான்.

எஃப்டிபிஎம் ஆன் செய்தாயிற்று, விண்டோஸ் 11 ஏறிவிட்டது. ரேம் ஆர்டர் போட்டிருக்கிறேன். 85 என்னுடையது டி தான். தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் கொடுத்தது, விற்க மனமில்லை. டி750இல் மாட்டியே வைத்துவிட்டு அதை இரண்டாவது பாடியாக ஓட்டுகிறேன். இசட்6 II ஒன்று மதுரையில் பார்த்துவைத்திருக்கிறேன், ஐப்பசிக்குள் வாங்கிவிடுவேன். சோலாருக்கு எனக்கு வந்த கொட்டேஷன் 2 கிலோவாட்டுக்கு 1,40,000. மிச்சப் பணத்தோடு கடன் சேர்த்துப் போடலாம் என்று பார்த்தால் ஒரு சிக்கல்: மீட்டர் இன்னும் தாத்தா பேரில் இருக்கிறது. தாத்தா காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. விண்ணப்பம் அப்பா பேரில் போடலாமா?

பழைய லைன்மேன்

முடியாது. இணைப்பு யார் பேரிலோ அவர் பேரில்தான் விண்ணப்பம் போகும். முதலில் பெயர் மாற்றம். வாரிசுச் சான்றிதழ் எடுங்கள், அப்பாவுடன் பிறந்தவர்கள் எல்லோரிடமும் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்குங்கள். ஊரில் நிறைய வீடுகளில் சோலார் இந்த இடத்தில்தான் நிற்கிறது, வெயில் குறைவால் அல்ல.

மலையடிவாரம்

சித்தப்பா போனிலேயே சரி என்றுவிட்டார். அத்தை நேரில் வரச் சொன்னார். போனோம். காபி கொடுத்துவிட்டு, "கையெழுத்துக்கு என்னடா, அண்ணன் கேட்டா போட மாட்டேனா? தையில நம்ம பாப்பா கல்யாணம், நீதானே போட்டோ?" என்றார். ஆமாம் என்றேன். காசு பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெளியே வந்ததும் அப்பா, "இந்தக் கணக்கையும் சோலார் செலவுல சேர்த்துக்கோ" என்றார். 4கேதான் வேண்டுமாம், ட்ரோனும் கேட்கிறாள் மணப்பெண்.

லைன்மேன் அண்ணாச்சி, கடைசியாக ஒன்று. மாடியில் 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க் இருக்கிறது. பேனலை எந்தப் பக்கம் வைப்பது?

பழைய லைன்மேன்

தெற்கே பார்த்து, லேசான சாய்வு, பத்து டிகிரி போதும். டேங்க் பேனலுக்கு வடக்கே இருக்கிற மாதிரி இடம் பிடியுங்கள். நம் ஊரில் வைகாசி, ஆனியில் உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே போகும், அப்போது நிழல் குட்டையாகத் தெற்கே விழும். அதனால் டேங்க்கை ஒட்டி வைக்காமல் நாலடி விடுங்கள். மார்கழியில்தான் நிழல் வடக்கே நீளமாக ஓடும். எப்படியும் பெயர் மாற்றம் முடிய அதுவரை ஆகும். காலை 9 மணிக்கும் சாயங்காலம் 4 மணிக்கும் மாடியில் நிழல் எதுவரை போகிறது என்று சாக்பீஸில் கோடு போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தையும் சேர்த்து.