சீலிங்கில் ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்து டக்டில் தள்ளும் பெரிய ஏசி யூனிட்) ஏற்றிய கதைகள்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

கிண்டி ஃபிட்டர்:

போன வாரம் ஒரு தம்பி கேட்டான், "அண்ணா, அஞ்சு டன் யூனிட்டை நாலு ஃபாஸ்டனரில் தொங்கவிட்டா தாங்குமா?" என்று. டன் என்றது குளிர்விக்கிற திறன், எடை இல்லை. தாங்கும், ஆனால் அந்த ஃபாஸ்டனர், அதாவது துளைக்குள் விரிந்து பிடிக்கிற போல்ட், எதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது என்று முதலில் பார்க்கணும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறேழு வருஷம் இருக்கும். பழைய கட்டடம், இரண்டாவது மாடியில் ஒரு கிளினிக். யூனிட் ஸ்டிக்கரில் 118 கிலோ என்று போட்டிருந்தது. நாலு மூலைக்கும் 10 எம்எம் ஃபாஸ்டனர், திரெட் ராட், ரப்பர் பேடு, டபுள் நட், சாமானில் ஒரு குறையும் இல்லை. துளைக்குள் இருந்த தூசியை ஊதாமல் விட்டது ஒரு தப்பு, அதைக்கூட விடுங்க, ஸ்லாபுக்கு அடியில் ஒன்றே கால் அங்குலத்துக்குப் பூச்சு இருந்ததை எங்களில் ஒருத்தரும் தட்டிப் பார்க்கவில்லை. ஃபாஸ்டனரில் கிட்டத்தட்ட பாதி பூச்சில், மீதிதான் கான்கிரீட்டில். மூணு நட்டு இறுகிவிட்டது. நாலாவது முடுக்க முடுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹெல்பர் பையன் சாரத்தின் மேலிருந்து, "அண்ணே, சும்மா சுத்துதுண்ணே" என்றான். "இன்னும் ரெண்டு சுத்து சுத்துடா" என்று சொன்னவன் நான்தான்.

யூனிட்டை ஏற்றியாச்சு. அடுத்த ரூமுக்கு வேணும், செயின் பிளாக்கை (யூனிட்டைத் தூக்கின சங்கிலிக் கப்பி) கழற்றுங்க என்று சைட் மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது, எல்லோரும் இறங்கிவிட்டோம். பாதி டீ குடித்திருப்பேன், மேலே 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு மூலை இரண்டு விரல் அளவுக்கு இறங்கி, செயின் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பூச்சு அப்பளம் மாதிரி உடைந்து கீழே கிடந்தது. நாங்கள் அன்றைக்குத் தப்பித்தது டீக்கடைப் பையனால்தான், எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் என் வழக்கம் இதுதான். துளை போடும் நாலு இடத்திலும் பூச்சைக் கொத்தி எடுத்து கான்கிரீட்டைக் கண்ணால் பார்ப்பேன், தூசியைப் பம்ப் வைத்து ஊதுவேன், யூனிட் ஏறின பிறகு செயினை ஒரு விரல் மட்டும் தளர்த்தி ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுவேன். காலையில் வாஷருக்கும் சீலிங்குக்கும் நடுவே நகம் நுழைகிறதா என்று பார்த்த பிறகுதான் செயின் கழறும்.

ஓஎம்ஆர் டக்ட்:

பழைய கட்டடத்தில் பூச்சு என்றால் புதுக் கட்டடத்தில் பிடி (போஸ்ட் டென்ஷன்) ஸ்லாப் பெரிய தலைவலி. உள்ளே இருக்கிற கேபிளை இழுத்து முறுக்கேற்றி வைத்திருப்பார்கள், டிரில் பிட் அதில் பட்டால் ஆளுக்கும் ஆபத்து ஸ்லாபுக்கும் ஆபத்து. கேபிள் போகிற இடத்தை மார்க் பண்ணிக் கொடுங்க என்று கேட்டதற்கு ஒரு சைட்டில் மூணு நாள் இழுத்தடித்தார்கள். உட்கார்ந்திருந்தோம், கூலி நஷ்டம்தான், பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை:

நான் மெக்கானிக் இல்லை, ஆபீஸில் யூனிட்டுக்கு நேர் கீழே உட்காருகிறவன். மாட்டின அன்றைக்கு, யூனிட்டில் சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கும் ட்ரெயின் டிரேயில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார்கள், ஜோராகப் போனது. மறுநாள் ஃபேன் ஓடினால் டிரே நிரம்புகிறது, ஃபேனை நிறுத்தினால் தண்ணீர் இறங்குகிறது. மூணாம் நாள் ஃபால்ஸ் சீலிங் ஊறி ஒரு பலகை என் மேஜையில் விழுந்தது, ஒரு முழம் தள்ளி ஸ்விட்ச் போர்டு. இது ஏன் என்று யாராவது சொல்லுங்களேன்?

கிண்டி ஃபிட்டர்:

ட்ரெயின் பைப்பில் யூ டிராப், அதாவது தண்ணீர் தேங்கிக் காற்றை அடைக்கிற யூ வளைவு, வைத்திருக்க மாட்டார்கள் சார். குளிர்விக்கிற காயிலுக்குப் பின்னால் ஃபேன் இருந்தால், டிரே இருக்கிற பக்கம் ஃபேன் காற்றை உறிஞ்சும். டிராப் இல்லாத பைப் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறி வந்து தண்ணீரை இறங்கவிடாது. ஃபேனை நிறுத்திவிட்டு ஊற்றிப் பார்த்தால் எந்த ட்ரெயினும் பாஸ்தான். ஓடவிட்டு ஊற்றச் சொல்லுங்க.

திருச்சி ஏசி:

என்னுடையது ஸ்பிளிட் கதை. பிரஷர் டெஸ்டுக்கு நைட்ரஜன் தீர்ந்துபோச்சு என்று புதுப் பையன் பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டரை இரவல் வாங்கித் தள்ளிக்கொண்டு வருகிறான்! கறுப்பு உடம்பு. தெருமுனையிலேயே பார்த்துவிட்டேன். நைட்ரஜன் என்றால் சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து. கம்ப்ரசர் ஆயிலோடு அழுத்தத்தில் ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தினதே இல்லை. பையன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை, மூணாம் நாள் அவனே வந்துவிட்டான்.

பெல்ட் புல்லி:

எனக்கு இடது கட்டைவிரல் நகம் கோணலாகத்தான் வளரும். ஏஎச்யூ ரூமுக்குள் பெல்ட் டென்ஷன் பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே யாரோ டிரிப் ஆகிவிட்டது என்று நினைத்து எம்சிபி சுவிட்சை மேலே தூக்கி ஆன் பண்ணிவிட்டார்கள். அன்றிலிருந்து பேனலுக்குப் பூட்டு போட்டு சாவி என் பாக்கெட்டில்தான். இன்னொன்று, த்ரீ ஃபேஸ் மாறி ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று வரும், குறைவாக வரும். காற்று வருகிறதே என்று ஏமாந்துவிடாதீங்க, புல்லி சுற்றுகிற திசையைப் பார்த்து ஃபேன் மேல் இருக்கிற அம்புக்குறியோடு ஒப்பிடுங்க.

கேள்வி கேட்ட தம்பி:

அண்ணா, சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். மூணு இடம் கணீர்னு கேட்குது. நாலாவது டொக்கு டொக்குன்னு கேட்குது.

கிண்டி ஃபிட்டர்:

நாலாவது இடத்தில் துளை போடாதே. குறுக்கே ஒரு சி சேனல் இரும்பு போட்டு, தள்ளி நல்ல கான்கிரீட்டாகப் பார்த்துப் பிடி. போட்டோ அனுப்பு. அதுவரைக்கும் செயின் பிளாக்கை யார் கேட்டாலும் கொடுக்காதே.