கடற்கரைச் சைரன்: எங்கே கேட்காமல் போகிறது, எதனால் ஊதாமல் நிற்கிறது

ராமநாதபுரம் கரையில் பாம்பனிலிருந்து மூக்கையூர் வரை எங்கே புயல், சுனாமி எச்சரிக்கைச் சைரன் கம்பம் நட்டாலும் முதலில் காற்றைப் பாருங்கள். சைரனில் 120 டெசிபல் (சத்தத்தின் அளவு) என்று எழுதியிருந்தால் அது வழக்கமாக 30 மீட்டர் தூரத்தில் அளந்தது. வெட்டவெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். வீடும் பனையும் கருவேலும் நிற்கிற ஊருக்குள் 10 என்றே கணக்கு வையுங்கள். 30, 60, 120, 240, 480, 960: ஒரு கிலோமீட்டரை நெருங்கும்போது மிஞ்சுவது 70தான். ஓடுகிற விசைப்படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பவர் காதில் அது ஏறாது.

கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும்போது, காற்று வருகிற பக்கத்துத் தெருக்களுக்குச் சத்தம் போய்ச் சேராது. உயரே போகப்போகக் காற்றின் வேகம் கூடுவதால், எதிர்த்துப் போகிற ஒலி மேலே வளைந்துவிடும். உச்சி வெயிலில் சுட்ட மணலும் அதையே செய்யும். மணல் ஆறிக் கிடக்கிற விடியற்காலையில் ஊதிப் பார்த்துவிட்டு ‘இவ்வளவு தூரம் கேட்குது’ என்று எல்லை குறித்தால் ஏமாந்துபோவோம். நமக்குப் புயல் பெரும்பாலும் வாடைக் காலத்தில்தான் வருகிறது. வாடை (வடக்கிலிருந்து வரும் காற்று) பலமாக அடிக்கிற நாளில், ஊரின் வடகோடியில் ஆள் நிறுத்திக் கேளுங்கள்.

-----

காற்றுக் கணக்கு சரிதான் அண்ணே. பேட்டரியையும் உப்பையும் நான் சேர்க்கிறேன்.

மின்னணுச் சைரனில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். சும்மா இருக்கும்போது மீட்டர் 25.4 காட்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதை நம்பாதீர்கள். சோலார் தகட்டைக் கழற்றிவிட்டு, 30 விநாடி முழுச் சத்தத்தில் ஊதவிட்டு, அப்போது அளங்கள். மடமடவென்று 21-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி செத்தது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது புதியதையும் கெடுக்கும். வெயிலில் நிற்கிற தகரப் பெட்டிதான் பேட்டரிக்கு எமன்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பெட்டிக்கு வெள்ளை பெயின்டும் மேலே ஒரு நிழல் தகடும் போடுங்கள்.

செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி முறுக்கி, வாசலின் பூசுங்கள். அலுமினியத் தாங்கியில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் இடையில் நைலான் வாஷர் வேண்டும். இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஹாரன் வாயைச் சற்றுக் கீழே சாய்த்து வலை கட்டுங்கள், குளவி கூடு கட்டும். ஒவ்வொரு ஹாரனின் டிரைவரையும் (உள்ளே ஒலி எழுப்புகிற பாகம்) தனியாக ஓம் மீட்டரில் பாருங்கள். ஒன்று அறுந்தால் அந்தத் திசை மட்டும் ஊமையாகும். கம்பத்தடியில் நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

-----

மோட்டார் சுழன்று ஊதுகிற பழைய மாதிரிச் சைரன் வைத்திருக்கிற ஊர்களுக்கு: புயல் நெருங்கும்போது முதலில் போவது கரண்ட். ஜெனரேட்டர் இல்லையென்றால் அது அன்றைக்கு வெறும் இரும்பு. மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், ஜெனரேட்டரை அதற்கேற்ப வாங்குங்கள். வோல்டேஜ் குறைவாக இருந்து சுழலாமல் உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள், காயில் எரிந்துபோகும்.

இன்னொன்று. 2025 மே 7 போர்க்கால ஒத்திகையின் முறைப்படி, ஏறி இறங்கும் ஒலி அபாயம், ஒரே சீராக நீளும் ஒலி ஆபத்து நீங்கியது. விமானத் தாக்குதல் என்றால் உள்ளே பதுங்க வேண்டும். சுனாமி என்றால் கரையை விட்டு மேட்டுக்குப் போக வேண்டும். ஆகவே சைரன் நின்றதும் என்ன ஆபத்து, எங்கே போவது என்று ஒலிபெருக்கியில் சொல்லியே ஆகவேண்டும். 340 மீட்டர் தள்ளி இன்னொரு கம்பம் இருந்தால் அதன் குரல் ஒரு விநாடி பிந்தி வந்து மோதும். நாலைந்து சொல்லில் நிறுத்தி, இடைவெளி விட்டு, மறுபடி சொல்லுங்கள்.