ஊதாத கண்டென்சரை ஏன் மாத்த வேணும்?

அக்கரைப்பற்று_நானா: பழைய வால்வு றேடியோ எண்டா கண்டென்சர் (மின்னைச் சேத்து வைக்கிற உறுப்பு) எல்லாத்தையும் கழட்டி வீசு எண்டு இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். சுத்தப் பிழை. ஊதினதையும் கசிஞ்சதையும் மட்டும் மாத்துங்க. மத்ததை மீற்றரில பாருங்க, கொள்ளளவு 0.01 மைக்ரோ பரட் காட்டினா நல்ல சாமான்.

கல்லடி_வால்வு: எழுதினது நான்தான் நானா. மீற்றர் அளக்கிறது சில வோல்ற்றில. ஸ்பீக்கரை ஓட்டுற வால்வு ஈஎல்84, அதைக் கட்டுப்படுத்துற கால்தான் கிறிட்; அந்தக் கிறிட்டுக்குப் போற மெழுகுத்தாள் கண்டென்சர் தாங்குறது நூறு வோல்ற் அளவில. அந்த வோல்ற்றிலதான் கறண்ட் ஒழுகும். ஒழுகினா கிறிட் பொசிற்றிவ் பக்கம் ஏறும், வால்வு கண்டபாட்டுக்குக் கறண்ட் இழுக்கும், அவுட்புட் ட்ரான்ஸ்போமர் கருகும். அந்த ட்ரான்ஸ்போமரை எங்க தேடுவீங்க?

அக்கரைப்பற்று_நானா: பயம் காட்டாதீங்க. 0.01 காட்டினா 0.01தான்.

கல்லடி_வால்வு: கொள்ளளவு வேற, ஒழுக்கு வேற! கிறிட் பக்கக் காலை மட்டும் கழட்டுங்க. டிசி வோல்ற்றில வெச்சு அந்தக் காலுக்கும் சேசிக்கும் (செற்றோட உலோகச் சட்டம்) இடையில அளவுங்க. செற் சூடாகின பிறகு பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கி நிண்டா சரி. பல வோல்ற் இறங்காம நிண்டா குப்பை.

வாவிக்கரை: ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை? வாவிக் காத்தில மெழுகுத்தாள் ஈரம் குடிக்கும். 630 வோல்ற் பொலிப்ரொப்பிலீன் (பிளாஸ்ரிக்) கண்டென்சர் போட்டா முடிஞ்சுது. பவர் சப்ளைக்கும் 100 மைக்ரோ போடுங்க, உறுமல் நிக்கும்.

கல்லடி_வால்வு: 100ஆ? ஏசியை டிசியாக்குற வால்வு ஈஇசட்80க்கு அடுத்து வாற முதல் கண்டென்சருக்கு உச்சம் 50 மைக்ரோ. மிஞ்சினா ஆன் பண்ணக்குள்ள வால்வுக்குள்ள பொறி பறக்கும். பழசு 32 எண்டா 33 போடுங்க, 450 வோல்ற், 105 டிகிரி சூடு தாங்குறது. பழைய டப்பா அழகுக்கு நிக்கட்டும், ஆனா அதில இருந்த வயரைக் கழட்டிப் புதுசில கட்டுங்க. பழசோட சேத்துக் கட்டாதீங்க.



புதியவன்: அண்ணே, மெயின்ஸில இருந்து சேசிக்குப் போற கண்டென்சருக்கு என்ன போட?

கல்லடி_வால்வு: தம்பி, வை2 (மெயின்ஸுக்கான பாதுகாப்பு வகை) முத்திரை உள்ளது மட்டும். சாதாரணது ஷோட் ஆனா சேசியில 230 வோல்ற் வரும். பிளக்கைக் கழட்டி, பெரிய கண்டென்சரை 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால இறக்கி, மீற்றரால பாத்துப்போட்டுத் தொடுங்க.

அக்கரைப்பற்று_நானா: மீற்றரை நம்பாதீங்க எண்டீங்க, இப்ப மீற்றரால பாக்கட்டாம்!

கல்லடி_வால்வு: வோல்ற் அளக்க நம்பலாம், ஒழுக்குக்கு கப்பாசிற்றன்ஸ் ரேஞ்சை நம்பேலா. நூறு தரம் சொல்லியாச்சு.

வாவிக்கரை: 100 மைக்ரோ போட்ட செற் ஒண்டும் எரியல்லயே?

கல்லடி_வால்வு: 50 எண்ட உச்சம் ஈஇசட்80க்குத்தான். அதில இருக்கிறது ஈஇசட்80ஆ, ஆரும் மாத்திப் போட்ட சிலிக்கன் டயோட்டா? முதல்ல அதைச் சொல்லுங்க.