செங்கல் கலங்கரை விளக்கம்: கல் கொட்டிக் காப்பதா, நகர்த்துவதா?

கேள்வி:
20 மீட்டர் உயரமுள்ள பழைய செங்கல் கோபுரம் ஒன்று, கடலோர மண்மேட்டின் மேல் நிற்கிறது. விளிம்புக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே 18 மீட்டர்தான் மிச்சம். அரிப்பு வருஷத்துக்குச் சராசரி முக்கால் மீட்டர். அப்படியானால் 24 வருஷம் இருக்கிறதா? அடியில் பாறாங்கல் கொட்டினால் போதுமா, கோபுரத்தையே நகர்த்த வேண்டுமா? மேலே பாதரசத் தொட்டியில் மிதந்து சுழலும் பழைய லென்ஸும் இருக்கிறது.

பதில் 1:
அந்த 24-ஐ மறந்துவிடுங்கள். மண்மேடு வருஷா வருஷம் அளந்து தேய்வதில்லை. சில வருஷம் அசையாமல் இருக்கும், பிறகு ஒரே புயலில் நாலைந்து மீட்டர் சரியும். அதோடு, நகர்த்துவதென்றால் கனரக இயந்திரம் நிற்க விளிம்புப் பக்கமும் உறுதியான தரை வேண்டும். அந்தத் தரை தீரும் நாள்தான் உங்கள் கெடு. கோபுரம் விழும் நாளுக்கு வெகு முன்பே அது வந்துவிடும்.

மேட்டின் முகப்பையும் பாருங்கள். பாதி உயரத்தில் ஈரம் கசிந்து, அந்த இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால், அலையோடு நிலத்தடி நீரும் மண்ணைத் தள்ளுகிறது என்று அர்த்தம். மழைநீர்க் குழாய் கடல் பக்கம் விட்டிருந்தால் இன்றைக்கே நிலத்துப் பக்கம் திருப்புங்கள்.

பதில் 2:
கல் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அதுவும் லாரியில் கொண்டுவந்து கவிழ்த்தால் மணலில் புதைந்துபோகும். முதலில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி), மேலே சிறுகல் அடுக்கு, அதற்குமேல் அங்கே வரும் அலையின் உயரத்தைக் கணக்கிட்டுத் தேர்ந்த பெருங்கல் இரண்டு அடுக்கு. துணியும் சிறுகல்லும் இல்லையென்றால், அலை பின்வாங்கும்போது இடுக்கு வழியாக மண்ணை உறிஞ்சிவிடும். வெளியே கல் அப்படியே தெரியும், பின்னால் பொந்து விழுந்திருக்கும். அடிக்கல் புயலில் மணல் இறங்கும் ஆழத்துக்கும் கீழே உட்கார வேண்டும். இரண்டு முனைகளையும் கரைக்குள் வளைத்து முடிக்காவிட்டால், கடல் பக்கவாட்டில் சுற்றிவந்து அரிக்கும்.

தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர், ஒரு பக்கம் மணலைப் பிடித்து மறுபக்கத்தைப் பட்டினி போடும். அமெரிக்காவின் மோரிஸ் தீவு விளக்கம் 1876-ல் கட்டப்பட்டபோது நிலத்தில்தான் இருந்தது. சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் கட்டிய நீண்ட கல் அணைகள் மணல் ஓட்டத்தை மாற்றிவிட்டன. இன்று கோபுரம் தண்ணீருக்குள் நிற்கிறது.

பதில் 3:
நகர்த்துவது நடைமுறையில் முடிகிற வேலைதான். 1999-ல் அமெரிக்காவின் கேப் ஹட்டெராஸ் விளக்கத்தின் சுமார் 4,400 டன் செங்கல் கோபுரம் 23 நாளில் 880 மீட்டர் உள்ளே போனது. டென்மார்க்கின் ரூபியர்க் க்னூட் விளக்கம், சுமார் 720 டன், 2019 அக்டோபரில் 70 மீட்டர் நகர்ந்தது.

அஸ்திவாரத்தில் வரிசையாகத் துளையிட்டு இரும்பு உத்தரம் நுழைத்து, கீழே முதன்மை உத்தரங்கள், அதற்கடியில் ஹைட்ராலிக் ஜாக்கிகள். எல்லாத் துளையையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். ஒன்று விட்டு ஒன்று வெட்டி, உத்தரம் சுமையை ஏற்ற பிறகே அடுத்தது. ஜாக்கிகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே எண்ணெய் அழுத்தம் கொடுங்கள். முக்காலி மாதிரி, தரை எங்காவது சற்று இறங்கினாலும் கோபுரம் முறுக்கிக்கொள்ளாது. தூக்கிய கோபுரத்தைத் தண்டவாளத்தின் மேல் தள்ளுவது வேறு ஜாக்கிகள்; ஹட்டெராஸில் அவை ஒரு தடவைக்கு 5 அடி தள்ளின. தவறு பெரும்பாலும் பாதையில்தான் வரும். மண்ணை இறுக்காமல் தண்டவாளம் போட்டால் ஒரு பக்கம் அமுங்கும்.

கேட்டவர்:
சுவரில் மயிரிழை விரிசல்கள் இருக்கின்றன. சிமெண்ட் பூசி அடைத்துவிடலாமா?

பதில் 3:
வேண்டாம். பழைய செங்கலும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை மூச்சாக வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்தால் உள்ளே உப்பு படிந்து செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரும். சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். அதற்கு முன், விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஜிப்சம் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது.

பாதரசத்தைத் தொடாதீர்கள், அறையைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வடித்து எடுத்த பிறகே லென்ஸைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் எண் போட்டு, படம் எடுத்து, தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். முதல் துளை விழுவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.